இரண்டு சொட்டுக்காக நின்ற போர்

ஆசிரியருக்கு வணக்கம்.

போர்நிறுத்தம் கேட்பவர்கள் உலக நடப்பு தெரியாதவர்கள் என்ற தொனியில் இப்பகுதியில் அவ்வப்போது கடிதங்கள் வருகின்றன. நான் தடுப்பூசிப் பணியிலேயே காலம் கழித்து ஓய்வு பெற்ற செவிலியர். எனக்குத் தெரிந்த நடப்பைச் சொல்கிறேன்.

2024 ஆகஸ்டில் காசாவில் பத்து மாதக் குழந்தைக்குப் போலியோ உறுதியானது. 25 ஆண்டுகளில் அங்கே அதுதான் முதல். முந்தைய மாதமே சாக்கடை நீரில் கிருமி தென்பட்டிருந்தது. இஸ்ரேல் ராணுவம் உடனே தன் வீரர்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. கிருமி பக்கம் பார்க்காது என்பது ராணுவத்துக்கும் தெரியும்போல.

செப்டம்பர் 1 முதல், பகுதி பகுதியாக, பகலில் சில மணி நேரம் சண்டையை நிறுத்த இஸ்ரேல், ஹமாஸ் என இரு தரப்பும் இசைந்தன. இரண்டு வாரத்துக்குள் 5.5 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து போய்ச் சேர்ந்தது.

இந்த வேலை செய்தவர்களுக்கு அதன் அருமை புரியும். மருந்து குளிர் குறையாமல் இருக்க வேண்டும். குப்பியின் மேல் சின்னச் சதுரம் ஒன்று இருக்கும். சூடு பட்டால் கறுத்துக்கொண்டே வரும். சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். மின்சாரம் அற்ற இடத்தில், இடிபாடுகளுக்கு நடுவே ஐஸ் பெட்டியைச் சுமந்துபோய் இதைச் செய்தார்கள். வாயை இறுக்கிக்கொள்ளும் பிள்ளையின் கன்னத்தை அழுத்திச் சொட்டு விடுவது அங்கேயும் அதேபோலத்தான். பிறகு விரலில் மை.

இது புதிதும் அல்ல. மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரில் உள்நாட்டுப் போரின் நடுவே, 1985-ல், தடுப்பூசிக்காக மூன்று நாட்கள் அரசும் கொரில்லாக்களும் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். 1990-களில் இலங்கையிலும் சொட்டு மருந்து நாட்களில் சண்டை ஓய்ந்தது. 2009-ல் அதே மண்ணில், நிறுத்தச் சொன்ன குரல்கள் எடுபடாமல் போனதையும் நாம் பார்த்தோம்.

மூன்று நாள் நிறுத்த முடிந்தது, நான்காம் நாள் ஏன் முடியாது? மனமில்லை, அவ்வளவுதான். காசாவிலேயே அக்டோபரில் இரண்டாம் தவணையின்போது வடக்கே குண்டுவீச்சால் பணி தள்ளிப்போனது.

'2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்குதலில் கொல்லப்பட்ட இஸ்ரேலியர்களை மறந்துவிட்டீர்களா?' என்று கேட்பார்கள். மறக்கவில்லை. பெற்ற வயிறு எங்கும் ஒன்றுதான். அன்று பிடித்துச் செல்லப்பட்டு உயிரோடு மீண்ட பிணைக் கைதிகளில் பெரும்பாலோர் வீடு திரும்பியதும் சண்டை நின்ற நாட்களில்தானே?

2025 ஜூன் 12 அன்று ஐ.நா. பொதுச் சபையில் காசா போர்நிறுத்தத் தீர்மானத்தை 149 நாடுகள் ஆதரித்தன. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. வீடு வீடாகச் சொட்டு மருந்து கொடுத்து 2014-ல் போலியோ இல்லாத நாடு என்று சான்று வாங்கிய தேசம் இது. ஏன் ஒதுங்கினோம் என்று நம் எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும். சூடான் ஆகட்டும், உக்ரைன் ஆகட்டும், இனி வரும் போர்நிறுத்தத் தீர்மானங்களில் நம் வாக்கு என்ன என்பதையும் அங்கேயே சொல்ல வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி