ஐஸ் ஹாக்கி பெற்றோர் குழு: சனிக்கிழமை வகுப்பு

அன்புள்ள பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

வரும் சனிக்கிழமை, ஜூலை 12, மாலை 4 மணிக்கு, டர்பன் பனித்தளத்தின் உடைமாற்றும் அறையில், எதிரணி பக்கை (ஆட்டத்தில் அடிக்கப்படும் ரப்பர் வட்டை) தன் பகுதியிலிருந்து வெளியே கொண்டுவருமுன் நெருக்கிப் பறிக்கும் ஃபோர்செக்கிங் முறைகளைப் பயிற்சியாளர் பிள்ளைகளுக்கு விளக்குவார்.

1. 2-1-2 முறையில் இரண்டு ஃபார்வர்டுகள் (முன்னணி வீரர்கள்) எதிரணிப் பகுதியின் உள்ளே சென்று நெருக்க, மூன்றாமவர் அவர்களுக்குப் பின்னால் நடுவில் நிற்பார். டிஃபென்ஸ் எனும் தடுப்பு வீரர்கள் இருவரும், எதிரணிப் பகுதியின் எல்லையான நீலக் கோட்டை (புளூ லைன்) காப்பார்கள். அந்த மூன்றாமவர் இடம் தவறினால் எதிரணிக்கு வழி திறந்துவிடும்.

2. 1-2-2 முறையில் ஒருவர் மட்டுமே முன்னே செல்வார்; மற்ற நால்வரும் இருவர் இருவராகப் பின்னால் நிற்பார்கள். நியூ ஜெர்சி டெவில்ஸ் அணி 1995இல் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான NHL-இன் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது, தளத்தின் நடுப்பகுதியை அடைத்து ஆடும் இத்தகைய பொறுமையான ஆட்டமே அதன் பலமாக இருந்தது. நம் பிள்ளைகள் இதை முதலில் கற்பதே நல்லது என்று உறுதியாக நம்புகிறேன்.

3. எம்முறையிலும் முதலில் செல்பவர் நேராகப் பாயக் கூடாது. மட்டையின் அலகைப் பனியில் படியவைத்து, வளைவாக நெருங்கி, நடுவே பாஸ் கொடுக்கும் வழியை மறித்து, பக் வைத்திருப்பவரைச் சுவரோரம் ஒதுக்க வேண்டும். வீட்டில் இதை அவசியம் நினைவூட்டுங்கள்.

4. தலைக்கவசம், கையுறை, ஸ்கேட் ஆகியவற்றுடன் 3.45க்குள் வந்துவிடவும்.

5. வருகையையும், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளிலிருந்து வருவோர் காரில் இடம் தேவையா என்பதையும், வியாழக்கிழமை இரவுக்குள் இங்கேயே தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.
குழு ஒருங்கிணைப்பாளர்