முதலை அசையலைன்னு கல்லெடுக்குற அப்பா அம்மாங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க. லீவு நாள்ல பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு சென்னை பக்கம் ஈசிஆர்ல இருக்குற வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு போற எல்லாருக்கும்தான் இத எழுதுறேன், முக்கியமா டிக்கெட் எடுத்து உள்ள போன கொஞ்ச நேரத்துலயே "என்ன இது, ஒண்ணு கூட அசையல"ன்னு சலிச்சுக்கிறவங்களுக்கு. கோவம் இருக்கு, ஆனா திட்டுறதுக்காக எழுதல, அடுத்த தடவ நீங்க போறப்போ உங்க பிள்ளை நல்லா பாத்துட்டு வரணும்னுதான்.

நாங்க போனப்போ பக்கத்துல ஒருத்தர், பையனுக்கு நாலஞ்சு வயசு இருக்கும், அவன் கையில ஒரு ஜல்லிக்கல்ல குடுத்து "போடு போடு, அந்தா பெருசு, அது மேல போடு"ங்குறாரு. கல்லு முதலை முதுகுல பட்டு தெறிச்சு தண்ணில விழுந்துச்சு. முதலை நகரவே இல்ல, கண்ணுக்குள்ள இருக்குற அந்த மெல்லிசு இமை மட்டும் பக்கவாட்டுல ஒரு தடவ மூடி திறந்துச்சு. என் பொண்ணு அத பாத்துட்டா. அந்த பையன் பாக்கல, அவன் அடுத்த கல்லுக்காக அப்பா கையவே பாத்துட்டு இருந்தான். எனக்கு அதுதான் தாங்கல.

அது சும்மா படுத்து தூங்கிட்டு இருக்குன்னு நினைக்காதீங்க. முதலைக்கு நம்மள மாதிரி உடம்பு தானா சூடு பண்ணிக்காது, வெயில்ல கிடந்துதான் சூடேத்திக்கணும், சூடு அதிகமாச்சுன்னா தண்ணிக்குள்ள இறங்கணும் இல்ல வாய பொளந்து வச்சுக்கிட்டு தலை சூட்ட தணிக்கணும். வாயத் திறந்துக்கிட்டு சிலை மாதிரி கிடக்குதே, அதான் விஷயம், உங்கள பயமுறுத்த இல்ல. அந்த நேரத்துல கல்லு விழுந்து அது தண்ணிக்குள்ள ஓடிருச்சுன்னா நீங்க கைதட்டுவீங்க, ஆனா அது மறுபடி கரையேறி மொதல்ல இருந்து காயணும்.

இன்னொண்ணு சொல்றேன், பிள்ளைங்களுக்கு ரொம்ப பிடிக்கும். அந்த பண்ணை மரங்கள்ல கொக்கு கூடு கட்டும், கூடு கட்ட குச்சிக்கு அடிச்சுக்கும். அந்த சமயத்துல முதலைங்க மூக்கு மேல குச்சிய வச்சுக்கிட்டு தண்ணில அசையாம மிதக்குறத அங்கேயே ஆராய்ச்சிக்காரங்க பாத்திருக்காங்க, குச்சி எடுக்க கொக்கு கிட்ட வந்தா லபக்னு பிடிக்கும். 2013ல இது ஆய்வுக் கட்டுரையா வந்துச்சு, முதலை கூட கருவிய வச்சு வேட்டையாடுதுன்னு. இத ஒத்துக்காத ஆராய்ச்சியாளர்களும் இருக்காங்க, இருக்கட்டும், ஆனா அசையாம கிடக்குறதுதான் அதோட வேட்டை, அதுல சந்தேகமே இல்ல. உங்க பிள்ளைகிட்ட "எந்த முதலை மூக்குல குச்சி இருக்கு, கண்டுபிடி பாப்போம்"னு சொல்லிப் பாருங்க, அரை மணி நேரம் அந்த கம்பிய விட்டு நகராது.

கல்லு மட்டும் இல்ல, காசு, பாட்டில் மூடி, சிப்ஸ் கவர் எல்லாம் உள்ள விழுது. அமெரிக்காவுல ஒமாஹா மிருகக்காட்சி சாலைல 2024 பிப்ரவரில ஒரு வெள்ளை அலிகேட்டர் (முதலைக்கு சொந்தக்கார இனம்) வயித்துல இருந்து 70 காசு எடுத்தாங்க, ஜனங்க தண்ணில போட்டது அத்தனையும். அதுக்கு நல்ல டாக்டருங்க இருந்தாங்க, பொழச்சுது. நம்ம ஊர்ல கேரி பேக் முழுங்குன மாட்டோட கதி நமக்கே தெரியும்.

இந்த முதலைங்க இங்க எப்படி வந்துச்சுன்னும் கொஞ்சம் பாருங்க. தோலுக்காக சுட்டு சுட்டு 1970கள்ல இந்தியாவுல முதலையே அத்துப்போற நிலைமை. அப்பதான் 1976ல ரோமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் இந்த பண்ணைய ஆரம்பிச்சாங்க, இங்க பொரிச்ச சதுப்புநில முதலைங்க வேற மாநிலங்களுக்கெல்லாம் ஆத்துல விட போயிருக்கு. நம்ம நாட்டுல இருக்குற மூணு வகையையும், சொம்புமூக்கு, உப்புநீர் முதலை உட்பட, ஒரே இடத்துல நடந்தே பாக்கலாம். இதுக்கு மேல ஒரு பிக்னிக் ஸ்பாட்ல என்ன வேணும் சொல்லுங்க.

பாம்பு பக்கமும் இதே கதைதான், கிண்டி பாம்புப் பண்ணையா இருந்தாலும் சரி. கண்ணாடில டொக்கு டொக்குன்னு தட்டுறது. பாம்புக்கு வெளிக்காது கிடையாது, ஆனா அதிர்வு தாடை எலும்பு வழியா நேரா உள்ள போகும், நீங்க தட்டுற ஒவ்வொரு தட்டும் அதுக்கு உடம்புல விழுது. வடநெம்மேலிலயே இருளர்ங்குற பழங்குடி மக்களோட பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இருக்கு, 1978ல இருந்து. மண்பானைல துணி கட்டி நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் வச்சிருப்பாங்க, விஷம் எடுத்துட்டு சில வாரத்துல திரும்ப காட்டுல கொண்டுபோய் விட்டுருவாங்க. அந்த விஷத்துல இருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகுது. இந்தியாவுல வருஷத்துக்கு சராசரியா 58,000 பேர் பாம்புக்கடில சாகுறாங்க, அப்ப அந்த அண்ணன்மார் வேலை எவ்ளோ பெருசுன்னு யோசிங்க. 2023ல வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ குடுத்தாங்களே, அவங்க இருளர் மக்கள்தான். விரியன அவங்க கையாளுறத பாருங்க, ஒரு வேக அசைவு இருக்காது, சத்தம் இருக்காது. பிள்ளைங்க அத பாக்கட்டும்.

சட்டமும் இருக்கு, வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 38ஜே, மிருகக்காட்சி சாலைல விலங்க சீண்டுறது, தீனி போடுறது, சத்தம் போட்டு தொந்தரவு பண்றது எல்லாமே குத்தம். ஆனா போலீஸ் வரும்னு பிள்ளைய மிரட்டி அடக்குறது எனக்கு பிடிக்கல. அதுக்கு பதிலா எல்லா தொட்டியையும் ஓடி ஓடி பாத்து முடிக்கணும்னு அவசரப்படாம, பிள்ளைக்கு பிடிச்ச ஒரே தொட்டி பக்கத்துல நில்லுங்க. காலைல வெயில் ஏறுறதுக்குள்ள போனா நிக்கவும் முடியும். போட்டோ எடுக்கணும்னு சின்னதுங்கள சுவத்து மேல உக்கார வைக்காதீங்க, ப்ளீஸ், அத பாத்தாலே வயித்த கலக்குது.

பக்கத்துல யாராவது கல்லெடுத்தா பாத்துட்டு நகந்து போயிடாதீங்க. "அண்ணா வேணாம், அது பாவம்"னு உங்க பிள்ளை முன்னாடியே சொல்லுங்க, கேக்கலைன்னா ஸ்டாஃப கூப்பிடுங்க. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு ஆள் நிக்க முடியாது, அங்க நிக்கிறது நாமதான்.