ஸ்காபரோவின் பிள்ளைகள் எதைப் படிக்கலாம் என்பதை யார் தீர்மானிப்பது? சென்ரெனியல் கல்லூரி குறித்து ஒரு திறந்த மடல்

ஒன்ராறியோ மாகாணத்தின் கல்லூரிகள், பல்கலைக்கழகங்களுக்குப் பொறுப்பான மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கும், சென்ரெனியல் கல்லூரியின் ஆளுநர் சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2025 ஜனவரியில், ரொறொன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் இயங்கும் சென்ரெனியல் கல்லூரி தனது முழுநேரக் கற்கைநெறிகளில் 49இற்குப் புதிய மாணவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. வெளிநாட்டு மாணவர் வருகை சரிந்தது, அதனால் வருமானம் சரிந்தது, ஆகவே கற்கைநெறிகள் நிற்கின்றன என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணத்தின் சாரம். அந்தக் காரணம் பொய்யென்று நான் சொல்ல வரவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் அகதிகளாக வந்து இங்கேயே உழைத்து வரி கட்டும் குடும்பங்களின் பிள்ளைகளும் எந்தத் தொழிலைக் கற்கலாம் என்பதை, பஞ்சாபிலும் குஜராத்திலும் யாரோ ஒரு பெற்றோர் காணி விற்றுக் கட்டும் பணம் தீர்மானிக்கும் நிலை எப்படி வந்தது என்பதே என் கேள்வி. அதற்கு விடை சொல்லும் பொறுப்பு உங்கள் இரு தரப்புக்கும் இருப்பதால் இம்மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

இக்கல்லூரிகள் எதற்காக உருவாயின என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1965 மே மாதத்தில் அன்றைய கல்வி அமைச்சர் பில் டேவிஸ் பிரயோகக் கலை, தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கான சட்டமூலத்தை மாகாணச் சட்டமன்றத்தில் முன்வைத்தார். உலகப்போருக்குப் பின் பிறந்த பெருந்தலைமுறை உயர்நிலைப் பாடசாலைகளை விட்டு வெளியேறத் தொடங்கியிருந்த காலம் அது. பல்கலைக்கழகத்துக்குச் செல்லாதவர்களுக்கு, அவர்கள் வாழும் பிரதேசத்திலேயே, அங்குள்ள வேலைவாய்ப்புகளுக்குப் பொருந்தும் உயர்கல்வியை அரசே வழங்க வேண்டும் என்பதுதான் அத்திட்டத்தின் உயிர்நாடி. அதன்படி முதலில் கதவு திறந்த கல்லூரி சென்ரெனியல். 1966 அக்டோபரில், ஸ்காபரோ வார்டன் வீதியில் முன்பு தொழிற்சாலையாக இருந்த ஒரு கட்டடத்தில், 514 மாணவர்களோடு அது தொடங்கியது. இன்று மாகாணத்தில் 24 பொதுக் கல்லூரிகள் இருக்கின்றன. அமைச்சர் அவர்களே, டேவிஸ் உங்கள் கட்சிக்காரர்தான். பின்னாளில் பதினான்கு ஆண்டுகள் மாகாண முதல்வராக இருந்தவர். இந்தப் பாரம்பரியத்தைக் காப்பதற்கு எதிர்க்கட்சியினரிடம் எதையும் கடன்வாங்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

அந்த ஒற்றைக் கட்டடம் காலப்போக்கில் பல வளாகங்களாக விரிந்ததற்கும் காரணம் இருந்தது. நெடுஞ்சாலை 401இன் ஓரத்தில் புரோகிரஸ் வளாகம் அமைந்தது. ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்துக்கு அருகே 2004இல் திறக்கப்பட்ட மோர்னிங்சைட் வளாகத்தில், அப்பல்கலைக்கழகத்தோடு இணைந்து துணைமருத்துவப் பயிற்சி நடந்துவருகிறது. விமானத் தொழில்நுட்பம், ஒருகாலத்தில் டி ஹவிலண்ட் விமானங்கள் உருவான டவுன்ஸ்வியூ கட்டடத்துக்கே 2019இல் கொண்டுசெல்லப்பட்டது. எக்லிங்டன் வீதிக்கு அண்மையில் உள்ள ஆஷ்டன்பீ வளாகம் மோட்டார் வாகனத் தொழிலுக்குப் பேர்போனது. எந்தத் தொழிலை எங்கே கற்பிப்பது என்பதில் முன்னையவர்கள் செலுத்திய கவனம் இவ்வளாகங்களின் இருப்பிடத்திலேயே தெரிகிறது.

ஆஷ்டன்பீயைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அங்கே பட்டறையில், லிப்டில் தலைக்கு மேலே உயர்த்திய காரின் அடியில் ஒரு பயிலுநர் நிற்கிறார். சில்லைக் கழற்றி, பிரேக் தட்டின் தடிப்பை மைக்ரோமீற்றரால் ஓரிடத்தில் அளந்துவிட்டு நகரப் பார்ப்பவரை ஆசிரியர் மறித்து, தட்டைச் சுற்றி இன்னும் பல இடங்களில் அளக்கச் சொல்கிறார், ஏனெனில் தட்டு எல்லா இடத்திலும் ஒரேமாதிரித் தேய்வதில்லை. ஒன்ராறியோவில் மோட்டார் வாகனத் தொழில்நுட்பவியலாளராகத் தகுதிபெற ஒருவர் ஏறத்தாழ 7,220 மணித்தியாலங்களைக் கடக்க வேண்டும். அவற்றில் 720 மணித்தியாலங்கள்தாம் வகுப்பறையும் பட்டறையும்; எஞ்சியவை சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டே கற்பவை. அந்த 720 மணித்தியாலத்துக்கு ஒரு கராஜ் முதலாளி தன் பயிலுநரை விடுவித்து அனுப்புகிறார் என்றால், ஆசிரியரையும் கருவிகளையும் நம்பித்தான் அனுப்புகிறார். ஆஷ்டன்பீயின் பட்டறை மூடப்பட்டதென்று நான் கூறவில்லை. தொழிற்கல்வியில் ஒரு கற்கைநெறி என்பது எவற்றால் ஆனது என்பதைக் காட்டவே இதை எழுதினேன். சேர்க்கையை நிறுத்த ஓர் அறிவித்தல் போதும். மீண்டும் தொடங்குவதற்கோ வேறு வேலைக்குப் போய்விட்ட ஆசிரியரைத் தேட வேண்டும், விற்றுவிட்ட கருவிகளைத் திரும்ப வாங்க வேண்டும், மாணவரைப் பயிற்சிக்கு ஏற்றுக்கொண்டிருந்த முதலாளிகளிடம் மறுபடி நடையாய் நடக்க வேண்டும். ஆகவே ‘நிறுத்திவைப்பு’ என்று தற்காலிகம்போல் சொல்லப்படும் எதுவும், இரண்டு மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டால் நடைமுறையில் மூடுவிழாதான்.

‘இங்கே இல்லாவிட்டால் வேறு கல்லூரியில் இருக்கிறதே’ என்ற பதில் வரக்கூடும். அப்படிச் சொல்பவர்கள் ஒருமுறை மாசி மாதத்துக் காலையில் ஸ்காபரோ சென்ரர் பஸ் நிலையத்தில் நின்று பார்க்கலாம். 1985 முதல் ஓடிய ஸ்காபரோ ஆர்.டி. ரயில் 2023 ஜூலை 24இல் தடம்புரண்ட பிறகு மீண்டும் ஓடவே இல்லை. அதற்கு ஈடான சுரங்க ரயில் நீட்டிப்பு இன்னும் தோண்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. இடைக்காலத்தில் எல்லோருக்கும் பஸ்தான் கதி. புரோகிரஸ் வளாகத்துக்கு 134ஆம் இலக்க பஸ் இருக்கிறது, எப்படியோ போய்ச்சேரலாம். அதே மாணவரை நகரத்தின் மேற்கு எல்லையில் உள்ள இன்னொரு கல்லூரிக்குப் போகச் சொன்னால், மாலையில் பகுதிநேர வேலையும் செய்து, பிள்ளையைப் பராமரிப்பு நிலையத்திலிருந்து நேரத்துக்குக் கூட்டிவரும் தாய் ஒருவரால் அது முடியாது. அவர் வேறு கல்லூரிக்கு மாறமாட்டார், படிப்பையே விட்டுவிடுவார். அவரை எந்தப் புள்ளிவிவரமும் எண்ணுவதில்லை, ஏனெனில் அவர் விண்ணப்பிக்கவே இல்லை.

இனிப் பணத்தைப் பற்றி. 2019இல் உங்கள் அரசு உள்ளூர் மாணவரின் கல்விக்கட்டணத்தை 10 வீதம் குறைத்து, அதன்பின் ஆண்டுக்கணக்காக அதை அதே இடத்தில் நிறுத்தியது. கட்டணம் குறைந்ததை எந்தப் பெற்றோரும் வெறுக்கவில்லை, நானும் வெறுக்கவில்லை. ஆனால் குறைத்த தொகையை மாகாணம் ஈடுசெய்யவில்லை. முழுநேர மாணவர் ஒருவருக்குக் கல்லூரிகள் பெறும் அரச நிதியில் ஒன்ராறியோ கனடாவிலேயே கடைசி இடத்தில் இருந்தது என்பதும், 2020-21இல் மாணவர்களில் ஏறத்தாழ 30 வீதமாக இருந்த வெளிநாட்டவர் மொத்தக் கல்விக்கட்டண வருமானத்தில் 68 வீதத்தைச் செலுத்தினார்கள் என்பதும், அவர்களில் பெரும்பான்மையோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பதும், மாகாணக் கணக்காய்வாளர் நாயகத்தின் 2021 டிசம்பர் அறிக்கையில் உள்ளவை. அதாவது இந்த ஆபத்து வருமுன்பே எழுத்தில் உங்கள் மேசைக்கு வந்திருந்தது. அதன்பின் நடந்தது என்ன? வட ஒன்ராறியோவின் சில பொதுக் கல்லூரிகள் ரொறொன்ரோப் பெரும்பாகத்தில் தனியார் பங்காளிகளின் கட்டடங்களில் வகுப்புகளை நடத்தி வெளிநாட்டு மாணவரைக் குவிக்க மாகாணம் இடம்கொடுத்தது. பிரதேச மக்களுக்கென்று தொடங்கிய கல்லூரிகள், தம் பிரதேசத்தை எட்டியும் பாராத மாணவரின் கட்டணத்தில் உயிர்வாழப் பழகிக்கொண்டன.

2024 ஜனவரி 22இல் மத்திய அரசு வெளிநாட்டு மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு அறிவித்தது. அவ்வாண்டின் புதிய அனுமதிகளை ஏறத்தாழ 35 வீதத்தால் குறைப்பது அதன் நோக்கம். செப்டம்பரில் மேலும் 10 வீதக் குறைப்பு அறிவிக்கப்பட்டது. படிப்பு முடித்தபின் வேலை செய்வதற்கான அனுமதி, கல்லூரி மாணவருக்கு, குறிப்பிட்ட துறைகளுக்கு மட்டும் என்றானது. ஆகவே குற்றம் ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசுடையது என்று மாகாணம் சொல்கிறது. உச்சவரம்பு அவசரமாக, கல்லூரிகளோடு போதிய கலந்தாலோசனை இன்றி வந்தது என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஒரே தூணில் வீட்டை நிறுத்தியவர், தூணைத் தட்டியவரை மட்டும் குறை சொல்லித் தப்ப முடியாது. இதன் விளைவாக மாகாணமெங்கும் 600க்கு மேற்பட்ட கற்கைநெறிகள் நின்றன அல்லது நிறுத்திவைக்கப்பட்டன. ஏறத்தாழ 10,000 பணியாளர்கள் வேலை இழந்தார்கள் அல்லது இழக்கவிருக்கிறார்கள் என்று கல்லூரிகளுக்கும் ஆசிரியர் தொழிற்சங்கத்துக்கும் இடையிலான பிணக்கில் 2025இல் வெளியான நடுவர் தீர்ப்பு ஒன்று பதிவுசெய்தது. அவ்வாண்டு செப்டம்பர் 11இல் 24 கல்லூரிகளின் முழுநேர உதவிப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, அவர்கள் சம்பளத்தைவிட வேலைப் பாதுகாப்பைப் பற்றியே அதிகம் பேசினார்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

பணம் இல்லை என்பதை நம்புவதும் கடினமாக இருக்கிறது. 2021 பெப்ரவரியில், முதியோர் இல்லங்களில் கொவிட் பேரழிவை ஏற்படுத்தியிருந்த வேளையில், இதே மாகாண அரசு 115 மில்லியன் டொலர் ஒதுக்கி, இதே 24 பொதுக் கல்லூரிகள் மூலம் 8,200 பேர்வரை பி.எஸ்.டபிள்யு. எனப்படும் பராமரிப்புப் பணியாளர்களாக, கட்டணமே இல்லாமல் பயிற்றுவிக்க முன்வந்தது. எட்டு மாதப் படிப்பு ஆறு மாதமாக ஒழுங்குசெய்யப்பட்டு, பிற்பகுதிப் பயிற்சிக்குச் சம்பளமும் கொடுக்கப்பட்டது. தேவை எதுவென்று அரசு கண்டது, பணம் கொடுத்தது, கல்லூரிகள் வேலையை முடித்தன. ரொறொன்ரோவின் முதியோர் இல்லங்களில் தமிழ்ப் பெண்கள் எத்தனை பேர் இப்பணியில் இருக்கிறார்கள் என்பது நம் குடும்பங்களில் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மறுபுறம், தொழிலாளர் பயிற்சிக்கென்று மாகாணம் நடத்தும் 2.5 பில்லியன் டொலர் திறன் விருத்தி நிதியில், விண்ணப்பங்களைத் தெரிவுசெய்த முறை நியாயமானதாகவோ வெளிப்படையானதாகவோ இல்லை என்று 2025 அக்டோபரில் கணக்காய்வாளர் நாயகம் அறிக்கையிட்டார். பயிற்சிக்குப் பணம் இருந்திருக்கிறது. அது எங்கே போனது என்பதே பேச்சு.

ஆளுநர் சபையினரே, உங்களிடமும் சில கூற வேண்டும். வருமானம் திடீரென வற்றும்போது நிர்வாகம் எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் எதை வெட்டுவது என்பதை, உள்ளூர் மாணவர் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் அத்தொழிலிலேயே வேலை பெற்றார்கள், அதே படிப்பு பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் வேறெங்கும் உண்டா என்ற மூன்று அளவுகோல்களால் முதலில் பார்த்தீர்களா, அல்லது வெளிநாட்டு விண்ணப்பங்களின் எண்ணிக்கையையே முதலில் பார்த்தீர்களா? நல்ல காலத்தில் வெளிநாட்டு மாணவருக்காகப் பெருக்கிய சில கற்கைநெறிகள் சுருங்குவதில் எனக்குக் கவலை இல்லை; உண்மையைச் சொன்னால் அவற்றில் சில தொடங்கப்பட்டிருக்கவே வேண்டியதில்லை. சிறிய வகுப்பாக இருந்தாலும் இப்பகுதிக்குத் தேவையானவையும் அதே பட்டியலில் அகப்பட்டுவிடுமோ என்பதே என் அச்சம்.

நம்மவரின் மனப்போக்கையும் இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பிள்ளை பல்கலைக்கழகம் போனால் கொண்டாட்டம், கல்லூரி என்றால் வாயைத் திறக்காமல் இருப்பது என்ற வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் இன்னும் போகவில்லை. அப்படிப் பட்டம் பெற்ற பிள்ளைகள் வேலைக்குப் பொருத்தமான பட்டப்பின் சான்றிதழ் ஒன்றைத் தேடி ஓராண்டு கழித்து இதே சென்ரெனியலுக்கு வருவதும் நடக்கத்தான் செய்கிறது. கல்லூரி வெட்டப்படும்போது நம் அமைப்புகள் உரத்துக் குரல் எழுப்பாததற்கு இந்தக் கூச்சமும் ஒரு காரணம் என்று எண்ணுகிறேன். தை மாதத்தில் பொங்கல் விழா மேடைகளில் ஏறித் தமிழில் வணக்கம் சொல்லும் சட்டமன்ற உறுப்பினர்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்காததால்தான் அவர்களும் பதில் தயாரித்துக்கொண்டு வருவதில்லை.

அமைச்சர் அவர்களிடம் நான் கேட்பது, கல்லூரிகளின் அடிப்படை நிதியை மாணவர் ஒருவருக்கான தேசிய சராசரிக்கேனும் உயர்த்துவதற்கு ஆண்டுவாரியான ஒரு கால அட்டவணை. இடையிடையே அறிவிக்கப்படும் ஒருமுறை உதவித்தொகைகள் அதற்கு ஈடாகமாட்டா, ஏனெனில் மூன்றாண்டுப் படிப்பை ஓராண்டுப் பணத்தை நம்பி எந்தக் கல்லூரியும் தொடங்காது. அதோடு, ஒரு பிரதேசத்தில் ஒரே ஒரு பொதுக் கல்லூரி மட்டும் நடத்தும் தொழிற்கற்கைநெறியை நிறுத்த வேண்டுமானால், அமைச்சின் ஒப்புதலும் பொதுமக்களுக்கு முன்னறிவித்தலும் கட்டாயம் என்று விதி செய்யுங்கள். ஆளுநர் சபையிடம் கேட்பது இன்னும் எளியது. நிறுத்திவைத்த 49 கற்கைநெறிகளில் ஒவ்வொன்றுக்கும் கடைசி ஐந்து ஆண்டுகளின் உள்ளூர் மாணவர் எண்ணிக்கை, வேலை பெற்றோர் வீதம், நிறுத்தியதற்கான காரணம், மீளத் தொடங்குவதற்கான நிபந்தனை ஆகியவற்றை வளாகவாரியாக வெளியிடுங்கள். அடுத்த சேர்க்கைக் காலம் தொடங்குமுன் புரோகிரஸ் வளாகத்தில், வேலை முடிந்து வருவோரும் கலந்துகொள்ளும்படி மாலை ஏழு மணிக்கு, ஒரு பொதுக்கூட்டம் வையுங்கள். தமிழ், உருது, தகலொக் மொழிபெயர்ப்பாளர்களும் இருக்கட்டும். அங்கே கேட்கப்படும் கேள்விகளுக்கு முப்பது நாட்களுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவில் வசிக்கும் வரி செலுத்துநர் ஒருவர்