“இன்று வேண்டாம்” என்று சொன்னவர்களுக்கு நன்றி

எங்கள் எஞ்சினுக்குக் கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

சென்ற சனிக்கிழமை கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் கொண்டு இயங்கும் எங்கள் ராக்கெட் எஞ்சின் முதன்முறையாக எரிந்து, குறித்த நொடியில் அணைந்தது. பணமும் பொருளும் தந்தவர்களுக்கும், சோதனை மேடையை ஏற்றிச்செல்லத் தம் வண்டியைக் கொடுத்த நண்பர்களின் பெற்றோருக்கும் முதலில் எங்கள் நன்றி. எனினும் இம்மடலை எழுதத் தூண்டியவர்கள், எங்களைத் தடுத்து நிறுத்தியவர்கள்தாம்.

பல்கலைக்கழகப் பட்டறையின் லேத் ஆசிரியர், எரிபொருளையும் ஆக்சிஜனையும் எரியறைக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர் தகட்டைக் கையில் வாங்கியதுமே அதன் துளைகளில் பிசிறு இருப்பதாகச் சொல்லித் திருப்பித் தந்தார். வரைபடத்தை நம்பியிருந்த எங்களுக்கு அது வீண்பிடிவாதமாகப் பட்டது. பின்னர் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்தபோதுதான், ஒன்றோடொன்று மோதிச் சிதற வேண்டிய தாரைகளில் ஒன்று சாய்ந்து சுவரை நோக்கிப் போவதைக் கண்டோம். உள்ளே எரியும் வாயுவின் வெப்பம் 3,000 டிகிரியையும் தாண்டும். சுவருக்குள் ஓடும் மண்ணெண்ணெய் அதைக் குளிர்விப்பதால்தான் உலோகம் உருகாமல் நிற்கிறது. சாய்ந்த அந்தத் தாரையில் வரும் ஆக்சிஜன் சுவரில் பட்டிருந்தால் அந்த இடமே எரிந்து ஓட்டையாகியிருக்கும்.

ஆக்சிஜன் குழாய்களை இரண்டு முறை திருப்பி அனுப்பிய முன்னாள் மாணவருக்கும் கடன்பட்டிருக்கிறோம். −183 டிகிரியில் கொதிக்கும் அந்தத் திரவத்தின் பாதையில் சிறிது எண்ணெய்ப் பசை இருந்தாலே தீப்பற்றக்கூடும் என்பதைப் பாடத்தில் படித்திருந்தோம்; கையுறை இல்லாமல் குழாயைத் தொட்டதும் நாங்களே.

சோதனைத் தளத்தின் தன்னார்வலர்களே, முதல் முயற்சியன்று பற்றவைப்பி எரிந்ததற்கான அறிகுறி திரையில் வராததால் வால்வுகளைத் திறக்க நீங்கள் அனுமதிக்கவில்லை. தீ இல்லாத எரியறையில் எரிபொருளும் ஆக்சிஜனும் தேங்கிப் பின்னர் பற்றினால் அது எரிவதில்லை, வெடிக்கிறது. அதை அறிந்திருந்தும் காங்கிரீட் பதுங்கறையில் உங்களோடு வாதிட்டோம். அதற்கான மன்னிப்பையும் இம்மடலிலேயே கோருகிறோம்.

2013 அக்டோபரில், உலோகத்தில் முப்பரிமாண அச்சாக உருவாக்கிய எஞ்சினை இதே பாலைவனத்தில் எரித்துக் காட்டிய சான் டியேகோ மாணவர்களுக்கும் நன்றி. அந்த முன்னுதாரணம் இல்லையென்றால் எங்கள் துறை இத்திட்டக் கோப்பைத் திறந்தே பார்த்திருக்காது.

எஞ்சின் இப்போது பட்டறை மேசையில் கழற்றப்பட்டுக் கிடக்கிறது. ஆசிரியர் அவர்கள் துளைகளைப் பார்க்க வரும்போது தம் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் எடுத்துவர வேண்டுகிறோம்.

அன்புடன்,
எஞ்சின் குழு மாணவர்கள்