மூலிகைப் பெட்டிக்குள் பாதி தேயிலை

ஆசிரியருக்கு,

இலங்கை மலையகத்து ஹட்டன் கடைகளில் டஸ்ட் தேயிலைத் தூள் மட்டும் இருந்த தட்டுகளில் இப்போது பாதி இடத்தை ஆவாரம்பூ, வில்வம்பூ, நன்னாரி டீ பேக்குகள் பிடித்துவிட்டன. சந்தோஷம்தான், காய்ச்சல் என்றால் கொத்தமல்லி அவித்துக் குடித்து வளர்ந்தவர்கள்தானே நாங்கள். அம்மாவுக்கு ராத்திரியில் சாயத்தண்ணி (பால் போடாத தேநீர்) குடித்தால் தூக்கம் வராது என்று போன வாரம் ‘மூலிகை’ என்று கொட்டை எழுத்தில் போட்ட ஒரு பெட்டியை வாங்கி வந்தேன். விடியும்வரை அவர் கண் மூடவில்லை. பையைக் கிழித்துப் பார்த்தால் பாதி பச்சைத் தேயிலை! அதிலும் தூக்கத்தைக் கெடுக்கும் கஃபீன் இருக்கிறது, மூலிகை கலந்தால் அது போய்விடாது. கலந்த விபரம் பெட்டிக்கு அடியில் எறும்பு எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் மட்டும்.

நாட்டில் விளைகிற தேயிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கப்பல் ஏறிவிடுகிறது, கொழுந்து பறிக்கிறவர்கள் 100 கிராம் தூள்தான் வாங்குகிறோம். சரி, அந்தப் பேச்சு வேறு. காசு கொடுத்து வாங்கும் பெட்டியில் தேயிலை இருக்கிறதா, எவ்வளவு என்று முன்பக்கத்திலேயே தமிழிலும் சிங்களத்திலும் போடுங்கள்.

தோட்டத்து வாசகி,
ஹட்டன்