முரளிக்கு, குளியலறைத் தவளை பற்றி

அன்புள்ள முரளிக்கு,

இங்கே எல்லோரும் நலம். மழை பிடித்துக்கொண்டது. வேளச்சேரிச் சித்தப்பா வழக்கம்போல் காரை மேம்பாலத்தில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். பிரியா எப்படி இருக்கிறாள்? நேரத்துக்குச் சாப்பிடு.

கொல்லைப்புறக் குளியலறைக்கு மரத்தவளை மறுபடி வந்துவிட்டது. உன் அப்பா இன்னமும் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறார். வெள்ளைச் சுவரில் ஒட்டியிருந்தால் வெளிறிக் கிடக்கிறது. மரக்கதவுக்கு வந்தபின் பழுப்பு. மாடி வீட்டுக் குழந்தை இரண்டு தவளைகள் என்று அடித்துச் சொல்கிறாள். ஓய்வு பெற்றாலும் விலங்கியல் டீச்சரால் சும்மா இருக்க முடியுமா? உட்காரவைத்து விளக்கினேன். தோலின் கரிய செல்களுக்குள் மெலனின் என்ற கறுப்பு நிறமித் துகள்கள் இருக்கின்றன. அவை செல் முழுக்கப் பரவினால் தோல் கறுக்கும், நடுவில் ஒடுங்கினால் வெளிறும். பரவச் செய்வது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி சுரக்கும் ஹார்மோன். அது இரத்தத்தில் கலந்து தோலுக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் கடலில் வாழும் கணவாயைப்போல் நொடியில் மாறிவிடாது, மணிக்கணக்கில்கூட ஆகும். குளிரில் கறுக்கும், வெப்பத்தில் வெளிறும். பச்சைத் தவளைகள் பெரும்பாலானவற்றில் பச்சை நிறமியே கிடையாது. மேலே மஞ்சள் செல்கள், அடியில் நீல ஒளியைத் திருப்பியனுப்பும் செல்கள், இரண்டும் சேர்ந்துதான் அந்தப் பச்சை. பள்ளியில் நீ இதைப் படம் வரைந்து பரிசு வாங்கியதையும் அவளிடம் சொன்னேன்.

ஆனால் நிறம் பாதிதான் காப்பாற்றும். மீதி, அசையாமல் கிடப்பது. கொஞ்சம் நகர்ந்தாலும் பறவையின் கண்ணில் பட்டுவிடும். தவளையைத்தான் சொல்கிறேன். ஆனாலும் வீடியோவில் பேசும்போது கேமராவை ஏன் அணைத்துவைக்கிறாய்? போன முறையும் பிரியா குளிக்கிறாள் என்றாய், அதற்கு முந்தைய முறையும் அதேதான். புனேயில் அவ்வளவு தண்ணீர் வருகிறதா?

உன் பதவி உயர்வை அப்பா பால்காரரிடம்கூடச் சொல்லியாகிவிட்டது. எனக்கும் பெருமைதான். பிரியா போன் செய்து சொல்வாள் என்று காத்திருந்தேன், அவ்வளவுதான். இரவில் கடையில் சாப்பிடாதே.

எல்லாத் தவளையும் எப்போதும் ஒளிந்திருப்பதில்லை. பெருமழை தொடங்கியதும் வயல்களில் ஆண் பெருந்தவளை எலுமிச்சை மஞ்சளாக மாறி, கழுத்தில் இரண்டு நீலப் பைகளை உப்பவைத்துக்கொண்டு இணையைக் கூப்பிடும். உன் கல்யாணத்துச் சட்டை அந்த மஞ்சளேதான். அன்று உன் சித்தி சிரித்த சிரிப்பு நினைவிருக்கிறதா? இனப்பெருக்கக் காலம் ஓய்ந்ததும் பழைய பாசி நிறத்துக்குத் திரும்பிவிடும். தவளை அதற்காக யாரிடமும் கூச்சப்படுவதில்லை. பெற்றவளிடம் கூச்சப்பட ஒன்றும் இல்லை, முரளி.

நேரத்துக்குச் சாப்பிடு. பருப்புப் பொடி அரைக்கப்போகிறேன், திங்கட்கிழமை கூரியரில் போடுவேன். எப்போதும்போல் இரண்டு பேருக்குத்தானே? அளவு மாறினால் அதற்குள் சொல். காரணம் கேட்க மாட்டேன்.

அம்மா