ரப்பர் ஸ்டாம்புக்கு எதற்கு இத்தனை கணக்கு?

அன்புள்ள மகனுக்கு,

போனில் நீ கேட்டதற்கு அப்போது சரியாகப் பதில் சொல்லவில்லை. பிரதமர் நீட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிற ஜனாதிபதிக்கு ஏன் இவ்வளவு பெரிய தேர்தல், அதுவும் மக்களுக்கு ஓட்டே இல்லாமல் என்று கேட்டாய். உன் அப்பா "ரப்பர் ஸ்டாம்ப்பா அது" என்று பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார். எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் ஓட்டுப் போடுகிறார்கள். நியமன உறுப்பினர்களுக்கு ஓட்டு கிடையாது. எம்.பி.க்குப் பச்சைச் சீட்டு, எம்.எல்.ஏ.வுக்கு இளஞ்சிவப்பு. பெயருக்கு நேரே 1, 2 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும். அதற்கும் தேர்தல் ஆணையம் கொடுக்கிற ஊதா மைப் பேனாதான். சட்டைப்பையில் இருப்பதை எடுத்து எழுதினால் ஓட்டு செல்லாது. 2022-இல் ஓட்டுப் பெட்டிக்கு விமானத்தில் தனி டிக்கெட்டே போட்டார்கள், 'மிஸ்டர் பேலட் பாக்ஸ்' என்ற பெயரில்!

எல்லா ஓட்டும் ஒரே எடை இல்லை. மாநிலத்தின் மக்கள்தொகையை எம்.எல்.ஏ.க்கள் எண்ணிக்கையால் வகுத்து, பிறகு ஆயிரத்தால் வகுப்பார்கள். நம் தமிழ்நாட்டுக்குச் சுமார் 4.12 கோடி, 234 பேர். ஆக ஒருவரின் ஓட்டு மதிப்பு 176. உத்தரப்பிரதேசத்தில் 208, சிக்கிமில் 7. நாட்டிலுள்ள எம்.எல்.ஏ.க்களின் மொத்த மதிப்பை எம்.பி.க்கள் எண்ணிக்கையால் வகுத்தால் எம்.பி.யின் மதிப்பு வரும். 2022-இல் அது 700. மாநிலங்கள் பக்கம் 5,43,231, நாடாளுமன்றத்தின் பக்கம் 5,43,200. டெல்லியில் பெரும்பான்மை இருந்தால் மட்டும் போதாது, மாநிலங்களிலும் ஆள் வேண்டும் என்பதுதான் இந்தக் கணக்கின் சூட்சுமம்.

4.12 கோடியா என்று சந்தேகப்படாதே, அது 1971 கணக்கெடுப்பு. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் நஷ்டப்படக் கூடாது என்று 1976-இல் அந்த எண்ணிலேயே நிறுத்தினார்கள். 2026-க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பின் விவரம் வரும்வரை அப்படியே இருக்கும். அதன்பிறகு நம் பங்கு சுருங்கும். தொகுதி மறுவரையறை பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் ஆதங்கம்.

இன்னொன்று, இன்னாருக்குத்தான் ஓட்டு என்று கட்சி போடுகிற கொறடா உத்தரவு இதில் செல்லாது, ரகசிய ஓட்டு. 1969-இல் காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. இந்திரா காந்தியோ மனசாட்சிப்படி ஓட்டுப் போடச் சொன்னார். சுயேச்சையாக நின்ற வி.வி.கிரி முதல் சுற்றில் முந்தினாலும் தேவையான அளவை எட்டவில்லை. இரண்டாம் விருப்ப ஓட்டுகளையும் எண்ணி 4,20,077-க்கு 4,05,427 என்று ஜெயித்தார். அந்த வருஷமே காங்கிரஸ் உடைந்தது. அலங்காரப் பதவிக்கா ஒரு கட்சி உடையும்?

சரி, அதிகாரம் என்ன என்று கேட்பாய். அமைச்சரவை சொல்வதை ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம், அதே ஆலோசனை மீண்டும் வந்தால் ஏற்க வேண்டும். அந்த ஒருமுறை போதுமானதாக இருந்திருக்கிறது. 1997-இல் உத்தரப்பிரதேச அரசைக் கலைக்கச் சொன்ன பரிந்துரையை கே.ஆர்.நாராயணன் திருப்பி அனுப்பினார்; பிரதமர் குஜ்ராலின் அமைச்சரவை அதோடு விட்டுவிட்டது. மசோதாவையும் இப்படி நாடாளுமன்றத்துக்குத் திருப்பலாம். எம்.பி.க்கள் அரசின் ஆதாயம் தரும் சில பதவிகளையும் வகிக்க வழிசெய்த ஆதாயப் பதவி மசோதாவைக் கலாம் 2006-இல் திருப்பினார், ஆனால் அது மறுபடி வந்ததும் கையெழுத்துப் போட்டார். தபால்களை அரசு பிரித்துப் பார்க்க இடம் கொடுத்த அஞ்சல் மசோதாவை ஜெயில் சிங் திருப்பி அனுப்பவும் இல்லை, கையெழுத்தும் போடவில்லை. சும்மா வைத்துக்கொண்டார். மசோதாவுக்கு ஒப்புதல் தர அரசியலமைப்பு அவருக்குக் கெடு எதுவும் வைக்கவில்லை!

உன் அப்பா உடனே 1975-ஐ இழுப்பார். ஜூன் 25 இரவு, அமைச்சரவை கூடாமலேயே அவசரநிலைப் பிரகடனத்தில் ஃபக்ருதீன் அலி அகமது கையெழுத்துப் போட்டார். அமைச்சர்களுக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது. அதற்கு என்னிடம் பதில் இல்லை, அவர் சொல்வது அந்த இடத்தில் சரிதான்.

மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் என்ன என்றாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. கோடிக்கணக்கான ஓட்டு வாங்கி வருகிறவர் பிரதமர் சொல்கேட்டு உட்கார்ந்திருப்பாரா? அப்புறம் தினமும் இருவருக்கும் இழுபறிதான்.

அடுத்த தேர்தல் 2027-இல். நீ மாற்றுக் கருத்து வைத்திருந்தால் எழுது, போனில் வேண்டாம். அப்பா குறுக்கே பேசுவார்.

அன்புடன்,
அம்மா